கடைக்குக் கொண்டுபோகும் பை

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. அண்டவெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ கேட்க விரும்பி வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்தவர்கள் சற்றே ஏமாற்றம் அடையலாம். கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்லும் பையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த ஒருவன் பையைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆதலால் அதையே முதலில் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

நான் மயிலாப்பூரில் குடியிருப்பவன். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாடவீதிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தெற்கு மாடவீதியில் காய்கறி விற்பவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். கோணியை விரித்து, அதன்மேல் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் குவித்து, தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் காட்சியே ஓர் அழகு. அவர்களுள் ஓர் அம்மையாரிடம் நான் பல ஆண்டுகளாகக் காய் வாங்கி வருகிறேன். 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. அச்செய்தியைப் பத்திரிகையில் படித்து, நல்ல காரியம் நடந்தது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஆண்டில் ஒருநாள் மாலை உலாவப் போனவன், திரும்பும் வழியில் அந்த அம்மையாரிடம் வெண்டைக்காயும் தக்காளியும் கேட்டேன். நிறுத்துப் போட்டார். என் கையில் பை இல்லை. "பை இல்லையே சார்" என்றார் அவர். "ஒன்று இருந்தால் பாருங்கள் அம்மா, இவ்வளவையும் கையில் எப்படிக் கொண்டுபோவேன்?" என்றேன் நான். அவர் தெருவின் இரு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, கோணிக்கு அடியில் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். காய் பைக்குள் விழுந்ததும் விழாததுமாக இரண்டு ஆய்வாளர்கள் வந்து நின்றார்கள். கோணியைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் இருந்த பைக்கட்டை எடுத்துக்கொண்டார்கள். அபராதச் சீட்டு எழுதினார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது முறையே. ஆனால் பையைக் கேட்டவன் நான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான். அபராதம் கட்டியவர் அந்த அம்மையார். அவர் அன்று நாள் முழுவதும் வெயிலில் உட்கார்ந்து பெற்ற இலாபம் அந்தச் சீட்டுக்குப் போதியிராது. "நான்தான் கேட்டேன்" என்று ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தத் தொகையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். "நீங்க எதுக்கு சார் குடுக்கணும்? நீங்க கேக்கலன்னா வேற ஒருத்தர் கேப்பாங்க. பை இல்லன்னா நிறுத்த காயை அப்படியே வெச்சிட்டுப் போயிடறாங்க. அந்தப் பை மட்டும் எனக்குச் சும்மாவா வருது?" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது.

அன்றே வீட்டில் பைகளைத் தேடினேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. அதில் ஒரு பை தொங்கியது. அதற்குள் பல பைகள் இருந்தன. அவற்றுள்ளும் பைகள் இருந்தன. கொட்டி எண்ணினேன், சரியாக நாற்பது. கலியாணங்களில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுத் தந்த தாம்பூலப் பைகளே பாதிக்கு மேல். மணமக்களின் பெயரும் முகூர்த்த நாளும் அச்சிட்டவை அவை. அவர்களில் சிலருடைய குழந்தைகள் இப்போது உங்களைப் போல் கல்லூரியில் படிக்கிறார்கள். மற்றவை ஜவுளிக் கடைகள் தந்த கட்டைப் பைகள், கருத்தரங்குகளில் கிடைத்த தோள் பைகள். எல்லாவற்றுக்கும் அடியில் என் தாயார் தைத்த பை ஒன்று கிடந்தது. மெத்தை உறைக்காக வாங்கிய கோடு போட்ட துணியில் எஞ்சியதைக் கொண்டு தைத்தது. நாற்பது பைகளுக்கு உரியவன் கடைத்தெருவில் வெறுங்கையனாக நின்றிருக்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது இப்படி நடந்திருக்க முடியாது. பை இல்லாமல் கடைக்குப் போவது, கயிறு இல்லாமல் கிணற்றுக்குப் போவது போன்றது. மளிகைக் கடையில் பருப்பையும் மிளகாயையும் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டித் தருவார்கள். கூரையிலிருந்து தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, பொட்டலத்தைச் சுற்றிச் சுழற்றி, ஒரு வெட்டு வெட்டி அறுப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எண்ணெய்க்குத் தூக்கு. பூவுக்கு வாழையிலை அல்லது மந்தாரை இலை. எங்கள் உறவினர் திருநெல்வேலியிலிருந்து வரும்போது கருப்பட்டியைப் பனையோலைக் கொட்டானில் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற கலம் ஒன்று இருந்தது. அக்கலத்தை எடுத்துவருவது வாங்குபவர் கடமையாகவும் இருந்தது. விற்பவர் தலையில் அச்சுமையைக் கட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பழக்கத்தை மாற்றிய பொருள் எங்கிருந்து வந்தது? அதன் வரலாறு சுவையானது. 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தில் நார்த்விச் என்னும் ஊரின் பக்கத்தில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுச்சாலையில் கிப்சன், ஃபாசெட் என்னும் இரு அறிஞர்கள் எதிலீன் வாயுவையும் பென்சால்டிஹைடு என்னும் திரவத்தையும் ஒரு கலத்தில் அடைத்து, மிகுந்த அழுத்தத்தில் சூடாக்கினார்கள். இரண்டும் கூடிப் புதிய பொருள் ஒன்று உண்டாகும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. கலத்தைத் திறந்தபோது மெழுகு போன்ற வெண்மையான பொருள் சிறிது கிடைத்தது. எதிலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகியிருந்தன. அதுவே பாலிதீன். இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. பின்னர் 1953ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே அதை ஆக்கும் வழியைக் கண்டார். இத்தாலிய அறிஞர் நாட்டாவோடு அவருக்கு 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வழியில் கிடைத்த பாலிதீன் முன்னதைவிட உறுதியானது. எனவே மிக மெல்லிய படலமாக இழுத்தாலும் கிழியாது. சுவீடன் நாட்டில் செல்லோபிளாஸ்ட் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டென் தூலின் என்பவர், குழாய்போன்ற பாலிதீன் படலத்தை மடித்து, ஒட்டி, வெட்டி, கைகளோடு கூடிய பையாக்கும் முறையை வகுத்தார். அமெரிக்காவில் அதற்கு 1965இல் உரிமம் கிடைத்தது. இன்று நம் கையில் தொங்கும் மெல்லிய பை அதுவே.

ஓர் இரசாயன ஆசிரியன் என்ற முறையில் அந்தப் பையை நான் இகழ மாட்டேன். ஏழெட்டு கிராம் எடையுள்ள ஒரு பொருள் ஐந்தாறு கிலோவைத் தாங்குகிறது. நனையாது, மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். இத்தகைய ஒன்றை ஒரே நாளில் தூக்கி எறிகிறோமே, அங்கேதான் குற்றம் இருக்கின்றது. மூலக்கூறுச் சங்கிலியை உறுதியாக்கிய அதே கார்பன் பிணைப்பை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எளிதில் அறுக்க மாட்டா. வெயில் அதைத் துண்டு துண்டாக்கும், இல்லாமற்செய்யாது.

தென்சென்னையின் குப்பை நெடுங்காலமாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி. அச்சதுப்பு நிலத்துக்கு 2022ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ராம்சர் நிலம் என்னும் மதிப்புக் கிடைத்தது. பூநாரைகள் வந்து இறங்கும் நீர்நிலையின் ஓரத்திலே நாம் கத்தரிக்காய் வாங்கிய பைகள் மலையாகக் குவிந்தன. அண்மை ஆண்டுகளில் அம்மலையைத் தோண்டிச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். பிரித்த பிளாஸ்டிக்கைச் சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். பத்து நிமிடம் கையில் இருந்த பொருளை அகற்றுவதற்கு எத்தனை இயந்திரம், எத்தனை மனித உழைப்பு! பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு ஆண்டுதோறும் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் இரவெல்லாம் அக்கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விட்டுவருகிறார்கள். கடலில் மிதக்கும் பையை இழுதுமீன் என்று எண்ணி ஆமைகள் விழுங்கிவிடுவதுண்டு. 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளத்தையும் சிலர் பிளாஸ்டிக் பைகளின் மேலே போடுகிறார்கள். அது மிகை. அந்த வெள்ளத்துக்குப் பெருமழையும் ஏரிகளைக் காக்கத் தவறிய நம் போக்கும் காரணம். ஆயினும் வடிகாலின் வாயை அடைத்து, தெருவில் நின்ற நீரை மேலும் நிற்கச் செய்ததில் பைகளுக்குப் பங்கு உண்டு.

2018ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, தடை பற்றிய அறிவிப்புச் சட்டமன்றத்தில் வெளியாயிற்று. பைகள், உறிஞ்சு குழல்கள், தண்ணீர்ப் பொட்டலங்கள் எனப் பதினான்கு வகைப் பொருள்கள் அதில் அடங்கும். பின்னர் 2021 டிசம்பர் 23ஆம் நாள் கலைவாணர் அரங்கில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் தொடங்கியது. 2022இல் கோயம்பேடு அங்காடியில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் துணிப்பை தரும் இயந்திரத்தையும் வைத்தார்கள்.

மஞ்சள் பைக்கு ஒரு தனிக் கதை உண்டு. மஞ்சள் மங்கல நிறம். அதனால் கலியாணத் தாம்பூலம் மஞ்சள் பையில் வந்தது. கலியாணம் முடிந்த பின் அந்தப் பை வீணாகாது. கிராமத்தார் அதில் வேட்டி சட்டையைத் திணித்து, நிலப் பத்திரத்தையும் வைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பூரில் வந்து இறங்குவார்கள். நகரத்தாருக்கு அது கேலிப்பொருளாயிற்று. மஞ்சள் பையோடு வருபவன் பட்டிக்காட்டான் என்றார்கள். நானும் மாணவப் பருவத்தில் என் சிற்றப்பா மஞ்சள் பையோடு விடுதிக்கு வந்தபோது நண்பர்கள் முன்னிலையில் கூசியிருக்கிறேன். அவர் அப்பையில் எனக்காக முறுக்கு கொண்டுவந்திருந்தார். நாம் இகழ்ந்து ஒதுக்கிய பையை ஓர் இயக்கம் நடத்தி மீட்கவேண்டிய நிலை வந்தது என்றால், நாகரிகம் என்று நாம் எதைக் கொண்டாடினோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் துணிப்பை வாழ்க என்று சொல்லி நான் விடைபெறலாம். ஆனால் கணக்கு அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு பையின் மூலப்பொருள் விளைவது முதல் அது குப்பையாவது வரை எவ்வளவு கரியமில வாயுவுக்கு அது காரணமாகிறது என்று அதில் கணக்கிட்டார்கள். பருத்தி விளைவிக்க நீரும் உரமும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமானால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தவேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். 2018இல் டென்மார்க் நாட்டில் செய்த ஆய்வு நீர், நிலம், ஓசோன் படலம் முதலிய எல்லா அளவுகோல்களையும் ஒருங்கே வைத்து, சாதாரணப் பருத்திப் பைக்கு 7,100 முறை என்று கூறியது. இயற்கை உரமிட்டு விளைத்த பருத்தியாயின் விளைச்சல் குறைவு, நிலம் மிகுதி. ஆதலால் 20,000 முறை!

இந்த எண்களைக் கேட்டுத் துணிப்பையைக் கீழே போட்டுவிட வேண்டாம். குப்பை முழுவதையும் சேகரித்து முறையாக எரிக்கும் நாட்டில் செய்த கணக்கு டென்மார்க்கினுடையது. தெருவில் பறந்த பை, மாடு தின்ற பை, கால்வாயை அடைத்த பை இவற்றுக்கு அங்கே கணக்கில்லை. மயிலாப்பூர்த் தெருவில் பசுமாடு ஒன்று காய்கறித் தோலோடு பையையும் சேர்த்து மெல்லுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்கவேண்டியதில்லை. எனினும் 131 என்ற எண் என்னை விடவில்லை. நான் வாரத்துக்கு நான்கு முறை கடைக்குப் போகிறேன். ஆண்டுக்கு 208 முறை. ஒரே ஒரு பையை வைத்துக்கொண்டால் எட்டு மாதத்துக்குள் கடன் தீர்ந்துவிடும். ஆனால் என்னிடம் இருப்பவை நாற்பது. நாற்பதை 131ஆல் பெருக்கினால் 5,240. அத்தனை முறை கடைக்குப் போக எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டும். என் வயதில் அத்தகைய உறுதிமொழி கொடுப்பது துணிச்சல்தான்! ஒவ்வொரு விழாவிலும் ஆளுக்கொரு புதிய துணிப்பை கொடுத்து, அதைப் பசுமைப் பணி என்று நாம் மகிழ்ந்துகொள்வதில் உள்ள பிழை இப்போது விளங்கும். ஆணியில் தொங்கும் பையால் எவருக்கும் நன்மை இல்லை.

தியாகராய நகரைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் பண்டிகை நாளில் நடந்து பார்த்தால், கைக்கு இரண்டு மூன்று பைகள் இல்லாதவரைக் காண்பது அரிது. அவற்றுள் பல, பார்வைக்குத் துணி போலவே இருக்கும்; தொட்டாலும் துணி போலவே இருக்கும். உண்மையில் அவை துணி அல்ல. பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை இழைகளாக இழுத்து, நெய்யாமலே, சூட்டால் ஒட்டி அழுத்திய தாள்கள். 2019இல் வந்த தமிழ்நாட்டின் தடையில் அவையும் அடங்கியிருந்தன. கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இன்றே செய்து பாருங்கள். பையின் ஓரத்தில் ஓர் இழையைப் பிடித்து இழுங்கள். நெய்த துணியாயின் பாவு நூலோ ஊடை நூலோ நீளமாக உருவிக்கொண்டு வரும். போலித் துணியில் நூல் வராது. பஞ்சு போலப் பிய்ந்து வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். சூட்டால் ஒட்டிய இடங்கள் அவை. இன்னும் ஐயம் இருந்தால், பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு சிறு துண்டை இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். மற்றது சுருங்கி உருகி மணிபோல உருண்டுவிடும். இந்தப் போலித் துணிப்பையை நம் வெயிலில் சில மாதம் தொங்கவிட்டால் தொட்ட இடமெல்லாம் தூளாக உதிரும். அந்தத் தூள் எங்கே போகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பிளாஸ்டிக் என்ற பெயரைக் கேட்டதும் எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் சரியன்று. ஒயர் கூடையை நினைத்துப் பாருங்கள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயரிட்டு, வீட்டுப் பெண்கள் பிற்பகல் வேளைகளில் பின்னிய கூடைகள் அவை. அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் ஒரு கூடை இருபது ஆண்டு உழைக்கிறது, அடி தட்டையாக இருப்பதால் தக்காளி நசுங்குவதில்லை, கழுவினால் புதிதாகிவிடுகிறது. இருபது ஆண்டு உழைக்கும் பொருளையும் இருபது நிமிடம் உழைக்கும் பொருளையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதற்காக ஒரே தண்டனை கொடுக்கலாகாது.

சரி, என்ன பை வைத்துக்கொள்வது? இதில் எனக்கு ஆசிரியர் என் தமக்கை. அடையாற்றில் காந்தி நகரில் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். தையல் இயந்திரம் இன்னும் அவள் சொல் கேட்கிறது. என் கணக்கையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புதுத் துணி எதுக்குடா? பழைய பேண்ட் கொண்டா" என்றாள். ஒரே வாக்கியத்தில் அந்த இங்கிலாந்து அறிக்கைக்கு விடை சொல்லிவிட்டாள். பருத்தி விளைந்தது, நெய்தது, சாயமிட்டது எல்லாம் கால்சட்டையின் கணக்கில் முன்பே எழுதியாயிற்று. அது தேய்ந்து ஓய்வுபெற்ற பின் பையாகுமானால், புதிதாகச் சேர்வது சிறிது நூல் மட்டுமே. முழங்கால் தேய்ந்திருக்கும், தொடைப் பகுதி உறுதியாக இருக்கும். அதை வெட்டி, அடியை மூடித் தைத்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும். பழைய திரைச்சீலை, மெத்தை உறை, ஜமுக்காளத் துண்டு எல்லாம் ஆகும். புடைவைத் துணி மெல்லியது. இரட்டையாக மடித்துத் தைக்கவேண்டும்.

பழந்துணி கிடைக்காதவர்கள் காடாத் துணி வாங்கலாம். வெளுக்காத பருத்தித் துணிக்கு அப்பெயர். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நனைத்துக் காயவைப்பது அவசியம். இல்லாவிட்டால் முதல் சலவையில் பை சுருங்கிக் கோணிவிடும். முப்பத்தாறு அங்குல அகலத்தில் ஒரு மீட்டர் வாங்கினால் இரண்டு பைகள் தைக்கலாம். நீளத்தை வெட்டாமல், அகலத்தில் பதினைந்து அங்குலமாக இரண்டு துண்டுகள் எடுங்கள். ஒவ்வொன்றையும் நீளவாட்டில் பாதியாக மடித்தால் அடிப்பக்கம் மடிப்பாகவே அமையும். அங்கே தையல் இல்லை, எனவே பிரியவும் பிரியாது. பக்கங்களை முதலில் நல்ல புறம் வெளியே இருக்கத் தைத்து, பின் திருப்பி, அத்தையலை உள்ளே அடக்கி மறுபடி தைக்கவேண்டும். பிசிர் வெளியே வராது. மிளகாய் விதையும் மண்ணும் ஓரத்தில் தங்கா. எஞ்சிய ஐந்தாறு அங்குல அகலமுள்ள நீளத் துண்டை நெடுக்காக இரண்டாக்கி, பின்பு குறுக்கே வெட்டினால் நான்கு காதுகள் கிடைத்துவிடும்.

காதைப் பற்றித்தான் என் தமக்கைக்குக் கவலை மிகுதி. "பை கிழியாதுடா, காதுதான் அறும்" என்பாள். அதில் பௌதிகம் இருக்கிறது. பைக்குள் இருக்கும் பொருளின் எடை அடிப்பரப்பு முழுவதிலும் பரவி நிற்கிறது. மேலே வரவர அந்த எடை முழுவதும் காது சேரும் நான்கு இடங்களில் குவிகிறது. ஆகவே காதைத் துணியின் நீளவாட்டில், பாவு நூல் ஓடும் திசையில் வெட்டவேண்டும். ஊடையைவிடப் பாவு இழுப்பைத் தாங்கும். நான்காக மடித்துத் தைத்து, பையின் வாயிலிருந்து இரண்டு அங்குலம் கீழே இறக்கி, சதுரமாகத் தைத்து, அச்சதுரத்துக்குள் குறுக்கும் மறுக்குமாக இரண்டு தையல் ஓட்டவேண்டும். விரல்களுக்கும் இதில் நன்மை உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஐந்து கிலோ தூக்கினால் விரல் சிவந்து வலிப்பது ஏன்? பரப்புக் குறைந்தால் அழுத்தம் கூடும் என்று நீங்கள் பாடத்தில் படித்ததுதான். எடை ஒன்றே, அரை அங்குலத்துக்கும் மேல் அகலமான காது அதைக் கை முழுவதும் பங்கிட்டுவிடுகிறது.

காய்கறிக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, நீர் சொட்டும் கீரைக்கு ஒன்று என்று மூன்று பைகள் ஒரு குடும்பத்துக்குப் போதும். மீன் வாங்குவோர் அதற்கென்று தனியாக ஒரு பாத்திரமோ கூடையோ வைத்துக்கொள்வது நலம். வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயவைத்தால் நாற்றம் இராது. மறப்பதற்கு மருந்து ஒன்றே: பையை அடுக்களையில் வைக்காமல் வாசற்கதவின் சாவியோடு மாட்டிவைப்பது. சாவியை எடுக்காமல் யாரும் வெளியே போவதில்லை அல்லவா?

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று ஒரு சிறிது பார்ப்போம். 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் வங்காளதேசத்தில் வந்த பெருவெள்ளங்களின்போது வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டதை அந்நாட்டார் கண்டார்கள். 2002இல் மெல்லிய பாலிதீன் பைகளை முதன்முதலாகத் தடை செய்த நாடு அதுதான். சணல் விளையும் நாடு. ஆயினும் மலிவான பை மறைவாக மீண்டும் சந்தைக்கு வந்துவிட்டது. அதே 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அயர்லாந்து வேறொரு வழியைப் பிடித்தது. தடை செய்யவில்லை. பை வேண்டுபவர் ஒவ்வொரு பைக்கும் 15 செண்ட் வரி கட்டவேண்டும் என்றார்கள். கடைக்காரர் அந்த வரியைத் தாமே ஏற்றுக்கொள்ளக் கூடாது, வாங்குபவரிடமே வாங்கவேண்டும். ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 328 பைகள் என்றிருந்தது 21 ஆகக் குறைந்தது.

இந்த இரண்டு கதைகளையும் படித்தபோது எனக்குத் தெற்கு மாடவீதிதான் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் அபராதச் சீட்டு யார் பெயரில் எழுதப்படுகிறது? கோணி விரித்து உட்கார்ந்திருப்பவர் பெயரில். பையில்லாமல் வந்து நின்று, இல்லை என்றால் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போகிறவர் பெயரில் அன்று. உங்களில் சிலர் நாளை சட்டம் வகுக்கும் இடத்திலும் அதை நடத்தும் இடத்திலும் அமரக்கூடும். தண்டனையின் சுமை, தாங்க முடியாதவர் தோளில் போய் விழுகிறதா என்று அப்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரையில் அந்தச் சுமையில் ஒரு பகுதியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

என் நாற்பது பைகளில் மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துவைத்து மடித்து அந்த அம்மையாரிடமே கொடுத்தேன். பை இல்லாமல் வருகிறவர்களுக்குக் கொடுங்கள், திருப்பிக் கொண்டுவந்தால் மறுபடி மற்றொருவருக்குக் கொடுங்கள் என்றேன். "எங்க சார் திருப்பித் தரப்போறாங்க!" என்று சிரித்தார். அவர் சொன்னது முக்கால் பங்கு சரியாயிற்று; ஏழெட்டுப் பைகள்தாம் திரும்பி வந்தன. அவற்றுள் ஒன்று கலியாணப் பை. மணமகன் என் பழைய மாணவன்.

என் தாயார் தைத்த கோட்டுத் துணிப் பைதான் இப்போது என் காய்கறிப் பை. கடைக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டுவந்தேன். 131ஐத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். சென்ற வாரம் பூசணிக்காய் வாங்கித் திரும்பும்போது அதன் ஒரு காது அறுந்துவிட்டது. பூசணிக்காய் உருண்டு சித்திரக்குளத்துப் பக்கம் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஓடிப் பிடித்துக் கொடுத்தான். பையைத் தமக்கையிடம் அனுப்பியிருக்கிறேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா போட்ட தையல் ஒன்றும் பிரியவில்லை, நான் முன்பு ஒட்டுப்போட்ட இடந்தான் விட்டிருக்கிறது என்று சொல்லியனுப்பினாள்.